வெப்பாலகுப்பம் பிள்ளையாரின் இரண்டாவது கவசம்

எனக்குப் பெயர் கிடைத்தது ஒரு தப்பால். 2016இல் நான் செய்த வெள்ளிக்கவசம் எங்கள் ஊர்ப் பிள்ளையாருக்குப் பத்தவில்லை. பிள்ளையார் வளர்ந்துவிட்டார் என்று ஊர் சொன்னது. நான் மறுக்கவில்லை. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மறுத்தால் அடுத்த வேலை வராது.

வெப்பாலகுப்பம் சித்தூருக்குத் தெற்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது. எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக யாரும் பொன்னையோ வெள்ளியையோ தட்டியதில்லை. நைனா அடுத்தவர் கரும்பு வெட்டியவர். நான் இண்டர், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, முடித்துவிட்டு ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்குப் போனேன். சர்க்யூட் பலகைகளில் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்து ஈயத்தை உருக்கிப் பற்று வைக்கும் வேலை, இரவு ஷிப்ட். பதினான்கு மாதம் தாங்கினேன். ஒரு விடியற்காலை கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவள் மறுநாள் ஏறவில்லை. பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. தூக்கம்தான்.

பிறகு திருப்பதியில் ரமணா என்பவரின் பட்டறை. வேண்டுதலுக்காகப் பக்தர்கள் உண்டியலில் போடும் வெள்ளிக் கண், கை, பாதம் எல்லாம் அங்கே தயாராகும். மெருகு போடச் சேர்ந்தேன். சின்னப் பற்று வைக்க என் கை ஏற்கெனவே பழகியிருந்ததால் சீக்கிரமே ஊதுகுழல் பக்கம் உட்காரவைத்தார்கள். நான்கு வருடத்தில் எத்தனை ஜோடி கண் செய்திருப்பேன் என்று தெரியாது. அந்தச் சமயத்தில்தான் ஊர்க் கமிட்டித் தலைவர் வேங்கடாசலம் மாமா வந்து பிள்ளையாருக்குக் கவசம் கேட்டார். நான் ஊர்ப் பெண். சித்தூர் ஆசாரிகளைவிடக் குறைந்த கூலிக்குச் செய்வேன். வேறு தகுதி எனக்கு இல்லை.

தப்பு எங்கே நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். பூசாரி கங்கையா ஒரு பழைய எக்ஸ்ரே ஃபிலிமைக் கல்லின் முன்னால் பிடித்து, நான் வெளியே நின்று சொல்லச் சொல்ல, ஓரத்தை வரைந்து வெட்டிக் கொடுத்தார். ஃபிலிம் சுருங்காது, ஈரத்தில் ஊறாது. அளவு சுத்தமாக இருந்தது. அதே அளவுக்கு வெள்ளித் தகட்டை வெட்டினேன். அரக்குப் படுக்கையில் தகட்டைக் கவிழ்த்து, பின்பக்கமிருந்து உளியால் தட்டித் தட்டித்தான் தும்பிக்கையையும் வயிற்றையும் எழுப்ப வேண்டும். வயிறு எழ எழத் தகட்டின் ஓரம் உள்ளே இழுக்கும். விரித்த துணியை நடுவில் பிடித்துத் தூக்கினால் நான்கு ஓரமும் நெருங்கி வருமே, அப்படி. தெரிந்தவர்கள் அதற்கென்று சுற்றிலும் கொஞ்சம் தகடு விட்டு வெட்டுவார்கள். நான் அதுவரை செய்ததெல்லாம் விரல் நீளத்துக் கண்ணும் பாதமும். அதில் இழுப்பது மயிரிழை அளவு. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

முடித்த கவசத்தின் மேல் ஃபிலிமை வைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஃபிலிம் ஒரு விரற்கடை வெளியே நின்றது. விநாயக சவிதிக்கு, அதாவது பிள்ளையார் சதுர்த்திக்கு, ஒரே நாள்தான் இருந்தது.

மறுநாள் கோயிலில், கவசத்தின் பக்கவாட்டுக் கொக்கிகள் கல்லின் பின்னால் செதுக்கியிருந்த காடிப் பள்ளத்துக்கு எட்டவில்லை. பூசாரி குளிக்கப் போயிருந்தார். வேங்கடாசலம் மாமாதான் சாத்திப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, கைப்புள்ளைக்குத் தச்ச சொக்கா மாதிரி கீது?"

"அளவு தப்பிப்போச்சு மாமா."

"கம்பி வெச்சிக்கினு கீறியா?"

செம்புக்கம்பி இருந்தது. இரண்டு கொக்கியையும் பின்னால் கம்பியால் இழுத்துக் கட்டினார். "மாலைய போட்டா எவனுக்குத் தெரியப் போவுது" என்றார். யாருக்கும் தெரியவில்லை. சவிதி முடிந்ததும் அவரே கம்பியை அவிழ்த்துக் கவசத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

அடுத்த வருடச் சவிதிக்கு மாமா காய்ச்சலில் சித்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கங்கையா தானே பெட்டியைத் திறந்து கவசத்தைச் சாத்தப் பார்த்தார். கொக்கி எட்டவில்லை. போன வருடம் பொருந்தியதைக் கண்ணால் பார்த்தவர் அவர். மணியை அடிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை என்று சொல்வார்கள். மாமா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது மூன்று ஊர் ஜனம் கோயில் வாசலில் நின்றது. யாருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை. காணிப்பாக்கத்துப் பிள்ளையார் வளர்கிறார் என்று கேட்டே வளர்ந்த ஜனம். "அண்ணன் வளந்தா தம்பி வளர மாட்டானா?" என்று கங்கையா கேட்டார். அதற்கு மேல் பேச்சில்லை.

தெலுங்குப் பத்திரிகையில் செய்தி வந்தது. கவசம் செய்தவள் என்று என் படமும் வந்தது. அதைப் பார்த்து ஆர்டர்கள் வந்தன. தனியாக வேலை செய்ய ஆரம்பித்தேன். செம்பும் வெள்ளியும் கலந்து கழுத்தணிகள் செய்தேன். பெங்களூரில் இரண்டு கண்காட்சி, சென்னையில் ஒன்று. அவை நல்ல வேலைகள். அவற்றில் அளவுத் தப்பு கிடையாது. ஆனால் எந்தக் கண்காட்சியிலும் என்னைப் பற்றி எழுதிய அட்டையில் முதல் வரி கவசத்தைப் பற்றியதாகவே இருந்தது. 2019இல் திருப்பதியில் ஒரு டிரஸ்ட் நடத்தும் பெண்கள் தொழிற்பயிற்சி மையத்தில் உலோக நகைப் பிரிவுக்கு ஆசிரியை தேடினார்கள். மையத்தின் இயக்குநர் ஜெபகுமார் பத்திரிகைத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் என்னை நேர்காணல் செய்தார்.

பதினோரு மாத ஒப்பந்தம். முடிந்ததும் இன்னொரு பதினோரு மாதம். அப்படியே ஐந்து முறை. போன வருடம் ஏப்ரலில் ஜெபகுமார் கூப்பிட்டார்.

"மேடம், நிரந்தரப் பணியிடம் ஒண்ணு வருது. இந்தப் பிரிவுக்குத்தான். ஹைதராபாத் ஆபீஸ்லேருந்து பத்மாவதி மேடம் வந்து பார்த்துட்டு எழுதுவாங்க. உங்க பேட்ச் பெரிசா ஒரு வேலை செஞ்சு காட்டணும். எல்லாரும் பார்க்கிற மாதிரி."

"என்ன மாதிரி வேலை சார்?"

"உங்க ஊர்லேருந்து ஒருத்தர் வந்தாரு. பிள்ளையாருக்குப் புதுக் கவசம் வேணுமாம். பழசுதான் பத்தலையே. அதையே பேட்ச் வேலையா வெச்சுக்கலாம். சவிதி அன்னைக்குச் சாத்தும்போது பத்மாவதி மேடம் நேர்ல வந்து பார்ப்பாங்க. கச்சிதமா உக்காந்துட்டா போஸ்ட் உங்களுக்குத்தான்."

எனக்கு அந்த வேலை வேண்டும். முப்பத்து மூன்று வயதில், ஒவ்வொரு பதினோராம் மாதமும் பையைக் கட்டி வைத்துக்கொண்டு உட்காருவது சலித்துவிட்டது. சரி என்றேன். இந்த முறை அளவு தப்பாது என்பதும் எனக்குத் தெரியும்.

அன்று மாலையே வேங்கடாசலம் மாமா போன் செய்தார். சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை.

"செங்கமலம், போன தரம் மாதிரியே கொஞ்சம் பிடிப்பா பண்ணிடு."

"பிடிப்பான்னா?"

"மொத வருசம் நான் பாத்துக்கறேன். கம்பி கீது. அடுத்த வருசம் சாமி பாத்துக்குவாரு."

கேட்காதது போல வேறு பேசிவிட்டு வைத்தேன்.

என் வகுப்பில் பன்னிரண்டு பெண்கள். பாதிப் பேர் ஸ்ரீ சிட்டி ஷிப்டை விட்டு வந்தவர்கள். அவர்களில் கௌசிகா திருவள்ளூர் பக்கத்துப் பெண். கம்பெனியில் இரண்டு வருடம் தரப் பரிசோதனையில் இருந்தவள். சொந்தமாக வெர்னியர் காலிப்பர் வைத்திருந்தாள். மற்றவர்கள் உதட்டுச்சாயம் வைக்கும் பைக்குள் அதை வைத்திருப்பாள். அளவு எடுக்க ஊருக்குப் போனபோது அவளையும் ஷோபாவையும் கூட்டிப்போனேன். ஷோபா எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்க்காரி.

கங்கையாவிடம் புது ஃபிலிமை நீட்டினேன். "பழசே கீதே, எதுக்கும்மா வேற?" என்று உள்ளே போனவர் அந்த எக்ஸ்ரே ஃபிலிமை எடுத்துவந்தார். எட்டு வருடமாகச் சாமான் அறையில் ஆணியில் மாட்டி, குங்குமம் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார். யாரோ ஒருவரின் விலா எலும்பு அதில் இன்னும் தெரிந்தது. அது பத்திரமாக இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

"கல்லு மேல வைங்க ஐயா, எவ்ளோ வளந்திருக்குன்னு பாக்கலாம்" என்றாள் கௌசிகா, வாசலில் நின்றபடி.

அவர் வைத்தார். ஓரத்தோடு ஓரம் உட்கார்ந்தது.

கங்கையாவுக்கு ஃபிலிம் உட்காருவதில் எந்த விசேஷமும் தெரியவில்லை. அவருக்குக் கவசம்தான் கணக்கு. கௌசிகா என்னைப் பார்த்தாள். நான் ஃபிலிமை வாங்கிச் சுருட்டினேன். திரும்பும் பஸ்ஸில் மூன்று பேரும் கடலை தின்றுகொண்டு வந்தோம்.

மறுநாள் வகுப்பில், மாதிரிக்காகக் கமிட்டி கொடுத்தனுப்பிய பழைய கவசத்தை மேசையில் வைத்திருந்தேன். கௌசிகா எழுந்து போய் அதை அளந்தாள். ஃபிலிமை அளந்தாள். இரண்டையும் கரும்பலகையில் எழுதினாள்.

"மேடம், சாமி வளரலை. கவசம்தான் சின்னது."

"ஏய், காலையில துன்னியா இல்லியா, இன்னா பேசிக்கினு கீறே?" என்றாள் ஷோபா.

"நீயும் பாத்தேல்ல. எட்டு வருஷத்து ஃபிலிம் கல்லு மேல அப்படியே உக்காருது. ரெண்டு பக்கமும் சேத்து முப்பத்தொரு மில்லிமீட்டர் கவசத்துலதான் இல்ல."

பன்னிரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வெள்ளித் தகடு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். மற்றவர்கள் நம்பியிருப்பார்கள். கௌசிகா குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, சோதித்துப் பார்த்திருப்பாள். அப்புறம் நான் சொல்லித்தரும் எதையும் அவள் நம்ப மாட்டாள். நம்பவும் கூடாது.

"நான் செஞ்ச தப்பு" என்றேன். "இழுப்புக்குத் தகடு விடலை. வெட்டும்போது ஃபிலிம் அளவுக்கே வெட்டிட்டேன்."

பின்வரிசையில் ஒருத்தி சிரிப்பை அடக்கினாள்.

"அப்போ சாமியை வளத்ததே நீங்கதானா மேடம்?" என்றாள் ஷோபா.

அந்த வாரம் முழுக்க அதுதான் பாடம். ஆளுக்கொரு செம்புத் தகடு, ஒரே அளவு. ஆளுக்கொரு உயரத்தில் வயிறு எழுப்பச் சொன்னேன். முன்னும் பின்னும் அளந்து, எவ்வளவு எழுப்பினால் எவ்வளவு இழுக்கிறது என்று பட்டியல் போட்டார்கள். அடிக்கிற கைக்குத் தகுந்தபடி இழுப்பு மாறுகிறது என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். ஓங்கி அடிப்பவளுக்குத் தகடு மெலிந்து நீண்டது, இழுப்பு குறைந்தது. மெல்ல அடிப்பவளுக்கு இழுப்பு அதிகம். எனக்கே அது அவ்வளவு தெளிவாக அதுவரை தெரிந்ததில்லை. ஐந்து வருடம் சொல்லித்தந்ததில் அதைவிட நல்ல வாரம் எனக்கு நினைவில்லை.

ஷோபாவின் வாய் நான்கு நாள்தான் தாங்கியது. ஐந்தாம் நாள் வேங்கடாசலம் மாமா மையத்து வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றார்.

"பொம்பளப் புள்ளைங்கள வெச்சிக்கினு இன்னா பாடம் நடத்தறே நீ?"

"அளவு பாடம் மாமா."

"நல்லா நடத்து. இந்த உத்தியோகம் உனுக்கு எதால வந்துச்சு? அந்தச் சாமி வளந்ததால வந்துச்சு. அதும் மேலயே கல்லெடுத்து எறியறியா?"

"நான் எதையும் எறியல. கேட்டாங்க, சொன்னேன்."

"ஊர்ல பஸ் நிக்குது தெரியுமா? முன்ன கைகாட்டினாலும் நிக்க மாட்டான். நம்ம தெருவுல பதினெட்டு வூடு இப்ப தேங்கா, பூ, டிபன் கடைன்னு வெச்சிக்கினு கீது. அவங்கல்லாம் யாரு? உங்க நைனா கூட கரும்பு வெட்டினவங்க. கவசம் சரியா உக்காந்துச்சின்னா எவன் வருவான்?"

அவர் சொன்னது உண்மை. அந்தப் பதினெட்டு வீட்டில் என் சித்தி வீடும் ஒன்று.

"உன்னால ஆவாதுன்னா சொல்லிடு. சித்தூர்ல குடுத்துக்கறேன்."

"குடுங்க. அவங்க சரியா செஞ்சிடுவாங்க. தப்பா செய்யறதுக்கு வேலை தெரியாதவதான் வேணும். அப்ப நான் இருந்தேன். இப்ப நானும் இல்ல."

மாமா கொஞ்ச நேரம் சுவரில் இருந்த கால அட்டவணையைப் படித்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

"ஏம்மா, மனசு வெச்சா முடியாதா?"

"என் போஸ்ட் இதுல கீது மாமா. கச்சிதமா உக்காந்தாதான் வேலை நிரந்தரம். அதுக்கு மேல, பன்னெண்டு பேரு அடிக்கப்போற தகடு. அவங்க கையால நான் தப்பு செய்ய வெக்க மாட்டேன்."

தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். ஆர்டரை ரத்து செய்யவில்லை.

தகட்டைச் சுற்றிலும் பதினெட்டு மில்லிமீட்டர் விட்டு வெட்டினோம். கௌசிகா பதினேழு போதும் என்றாள். அரை நாள் சண்டை போட்டோம். பதினைந்து பதினாறு வாரங்கள் ஆயின. மூன்று முறை அரக்கு மாற்றினோம். தகடு இறுகும் ஒவ்வொரு முறையும் கழற்றி, காய்ச்சி, மறுபடி பதித்தோம். தும்பிக்கையின் வளைவில் ஒரு இடம் மெலிந்து கிழிந்தது. பற்று வைத்து அடைத்தேன். அந்த இடம் எங்கே என்று இப்போது என்னாலேயே காட்ட முடியாது. கடைசியில் ஓரத்தைச் சீவும்போது கழிந்தது ஒரு மில்லிமீட்டர். அவள் சொன்னதுதான் சரி.

சவிதி அன்று ஹைதராபாத்திலிருந்து பத்மாவதி மேடம் வந்தார். ஜெபகுமார் பூ மாலையோடு வந்தார். கூட்டம் நிறைய. எல்லாரும் எதற்காக வந்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். பிள்ளையார் இந்தக் கவசத்தையும் மறுக்கிறாரா என்று பார்க்க வந்திருந்தார்கள்.

கங்கையா கவசத்தைத் தூக்கிச் சாத்தினார். இரண்டு கொக்கியும் காடியில் உட்கார்ந்த சத்தம் வாசல் வரை கேட்டது. அவர் கையை எடுத்தார். கவசம் நின்றது. கற்பூரம் காட்டினார்கள். கூட்டம் கும்பிட்டது, ஆனால் கொஞ்சம் ஏமாற்றத்தோடு கும்பிட்டது போலத்தான் எனக்குப் பட்டது. நான் மாமாவைத் தேடினேன். ஆளைக் காணோம்.

அவர் சாமான் அறையிலிருந்து வந்தார். இரண்டு ஆட்கள் கண்ணாடிப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்கள். உள்ளே பழைய கவசம், சிவப்புத் துணியின் மேல். பிள்ளையாருக்குப் பக்கத்தில், எல்லாரும் ஒரே பார்வையில் இரண்டையும் பார்க்கிற மாதிரி வைத்தார்கள். புதியது பெரியது. பழையது சின்னது. அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. கூட்டத்தில் ஒரு சத்தம் எழுந்தது. செல்போன்கள் மேலே வந்தன. கங்கையாவின் கண்ணில் தண்ணீர் வழிந்தது. அவர் நடிக்கிறவர் இல்லை.

கௌசிகா என் பக்கத்தில் நின்றாள். "நாம சரியா செஞ்சதுதான் மேடம் இப்ப சாட்சி" என்றாள்.

பத்மாவதி மேடம் இரண்டு கவசத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "நிஜங்கானே பெரிகாரா?" என்றார். உண்மையிலேயே வளர்ந்தாரா என்று கேட்கிறார். சாதாரணமாகத்தான் கேட்டார், சிரித்துக்கொண்டு. நானும் சிரித்திருந்தால் போதும். பக்கத்தில் ஜெபகுமார் நின்றார். பின்னால் பன்னிரண்டு பேர் நின்றார்கள்.

"இல்ல மேடம்" என்று தெலுங்கிலேயே சொன்னேன். "பழைய கவசத்தில் நான் அளவு தப்பவிட்டேன். புதுசு சரியான அளவு. கல் அப்படியேதான் இருக்கிறது."

அவர் சிரிப்பு போய்விட்டது. "இதை மையத்துக்குத் தெரியப்படுத்தி இருந்தீர்களா, வேலைக்குச் சேரும்போது?"

"இல்லை."

ஜெபகுமார் தரையைப் பார்த்தார். மாமா எங்கிருந்தோ வந்து, "அம்மாயிக்குத் தன்னடக்கம் ஜாஸ்தி மேடம்" என்று தெலுங்கில் சொல்லி, தேங்காய் மூடியைப் பத்மாவதி மேடத்தின் கையில் கொடுத்தார். அவர் வாங்கிக்கொண்டார். ஆனால் காதில் விழுந்ததை மறக்கவில்லை.

அக்டோபரில் கடிதம் வந்தது. பயிற்சிப் பணியின் தரம் திருப்தி. ஆனால் ஆசிரியை தன் முந்தைய பணி பற்றிய தகவலை மறைத்திருப்பதால் நிரந்தர நியமனம் இப்போது பரிசீலிக்கப்படவில்லை. ஒப்பந்தம் மேலும் பதினோரு மாதத்துக்கு நீட்டிக்கப்படுகிறது. படித்துப் பார்த்தேன். பொய் எதுவும் எழுதியிருக்கவில்லை. ஜெபகுமார் பேனாவை நீட்டியபடி, "வாய வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம் மேடம்" என்றார். "இருந்திருக்கலாம் சார்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

ஊரில் பஸ் இன்னும் நிற்கிறது. சித்தி கடையைப் பெரிதாக்கிக் கட்டியிருக்கிறார்.

ஜனவரியில், நாராயணவனம் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து தங்கவேலு என்பவர் மையத்துக்கு வந்தார். எங்கள் ஊர்க் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்திருக்கிறார். அவர்கள் ஊரிலும் ஒரு பிள்ளையார் இருக்கிறாராம்.

"உங்க கையால ஒரு கவசம் வேணும்மா" என்றார். குரலைத் தாழ்த்தினார். "உங்க ஊரு மாதிரியே, ஒரு வருசத்துல பத்தாம போற மாதிரி."

"செய்யலாம்" என்றேன். "முதல்ல அளவு எடுக்கணும். ஆள் அனுப்பறேன்."

அந்த மாதம்தான் கௌசிகா உதவிப் பயிற்றுநராகச் சேர்ந்திருந்தாள். அவளைக் கூப்பிட்டு விலாசத்தைக் கொடுத்தேன். என்ன வேலை என்று கேட்டாள். பிள்ளையார் கவசம், கல்லை அளந்துவிட்டு வா, இழுப்புக்கு எவ்வளவு விடுவது என்று நீயே முடிவு செய் என்றேன். அவள் காலிப்பரைப் பையில் போட்டுக்கொண்டு தங்கவேலுவோடு பஸ் ஏறினாள்.